படிவத்தில் இடமில்லாத அம்மா

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் திருத்திய எழுத்து வடிவம்)

ரொறன்ரோவில் இப்போது காலை பத்து மணி. இலண்டனில் பிற்பகல் மூன்று, யாழ்ப்பாணத்தில் இரவு ஏழரை. நான் இரவு வேலை முடித்து, குளித்து, ஒரு கோப்பை தேத்தண்ணியோடு உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன். இடையில் கொட்டாவி விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொடரில் எனக்கு முன் பேசியவர்கள் பேராசிரியர்கள், ஆய்வாளர்கள். என்னிடம் இருப்பது ஒரு தாதியர் டிப்ளோமாவும் சில சிறுகதைகளும்தான். வரலாறு பேசுவதற்கு அது போதுமா என்று அழைத்தவர்களிடமே கேட்டேன். "நீங்கள் ஏன் இதைத் தேடிப் படிக்கத் தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள், மற்றது தானாக வரும்" என்றார்கள். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2006 பெப்ரவரி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். பிரசவ விடுதியில் இரவு வேலை. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காணமுடியாதபடி சிலவற்றை மாற்றியே சொல்கிறேன். ஒரு குழந்தை சிசேரியனில் பிறந்தது, மூச்செடுக்கச் சிரமப்பட்டது, விசேட பராமரிப்பு அறைக்குக் கொண்டுபோனோம். குழந்தை பிறந்ததும் ஒரே இலக்கம் அச்சிட்ட நான்கு பிளாஸ்ரிக் பட்டிகள் எடுப்போம். இரண்டு குழந்தையின் கையிலும் காலிலும். ஒன்று தாயின் கையில். நான்காவது தகப்பனுக்கு. அந்தப் பட்டி இருந்தால்தான் பராமரிப்பு அறைக் கதவு திறக்கும்.

தாய் இன்னும் சத்திரசிகிச்சை மேசையில் இருந்தார். நடைபாதையில் ஒரு பெண் ஓடிவந்து நான்காவது பட்டியைக் கேட்டார். நீங்கள் குழந்தைக்கு என்ன முறை என்று கேட்டேன். அம்மா என்றார். அம்மாவைத்தான் நான் இப்போது பார்த்துவிட்டு வருகிறேனே என்றேன். நாங்கள் இருவரும் அம்மாதான் என்றார். படிவத்தை எடுத்துக் காட்டினேன். தாய் என்று ஒரு கோடு, தந்தை என்று ஒரு கோடு. இதில் நீங்கள் எங்கே என்று கேட்டேன். அவர் கண்ணாடிக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்றார். குழந்தையின் முதல் இரண்டு மணி நேரம்.

காலையில் மூத்த தாதி விசயம் அறிந்து என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: "பட்டியைக் கொடுக்கக் கூடாது என்று உனக்கு யார் சொன்னது?" ஒருவரும் சொல்லவில்லை. கைப்பட்டிக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. தாய் யாரைக் காட்டுகிறாரோ அவருக்குக் கொடுக்கலாம். நான்தான் படிவத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆனால் அந்தப் படிவத்தை நான் அச்சடிக்கவில்லையே, அது எப்படி வந்தது? அந்தக் கேள்வியோடுதான் நூலகத்துக்குப் போனேன்.

சொல் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் குவியர் என்பதைப் பால்புதுமையர் என்று தமிழில் இப்போது எழுதுகிறார்கள். பெண்ணைக் காதலிக்கும் பெண்ணைத் தன்பாலீர்ப்புள்ளவர் என்கிறோம். நான் மானிப்பாய்க்காரி. 19ஆம் நூற்றாண்டில் எங்கள் ஊரில் கிறீன் வைத்தியர் ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் சொல் தேடியவர்கள் நாங்கள். பிள்ளையைப் பெறாத அம்மாவுக்கு ஒரு சொல் தேடவில்லை. அல்லது எங்களிடம் நிறையவே இருந்தபடியால் தேடவில்லையோ தெரியாது: பெரியம்மா, சின்னம்மா, வளர்த்த அம்மா.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

கனடாவில் இந்தக் கதை பிள்ளை பெறுவதில் தொடங்கவில்லை, பிள்ளையை இழப்பதில் தொடங்குகிறது. 1968இல் நாடு முழுவதற்கும் பொதுவான விவாகரத்துச் சட்டம் வந்தது. அதுவரை மிகக் கடினமாக இருந்த விவாகரத்து எளிதானது. நல்ல சட்டம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் விவாகரத்துக்கான காரணங்களின் பட்டியலில் தன்பாலினச் செயலும் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு, 1969இல், குற்றவியல் சட்டம் தளர்த்தப்பட்டு, 21 வயதுக்கு மேற்பட்ட இருவர் தனிமையில் செய்வது குற்றமில்லை என்றானது. அரசாங்கத்துக்குப் படுக்கையறையில் வேலையில்லை என்று ட்ரூடோ நீதி அமைச்சராக இருந்தபோது சொன்ன பேச்சு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. படுக்கையறையிலிருந்து வெளியேறிய அரசாங்கம் பிள்ளைகளின் அறையில் நின்றதை யாரும் பேசவில்லை.

அந்தக் காலத்தில் தன்பாலீர்ப்புள்ள தாய்மார் பெரும்பாலும் கலியாணம் கட்டியவர்கள். இருபது வயதில் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று, முப்பதில் தங்களை அறிந்துகொண்டவர்கள். குடும்பம் பிரியும்போது கணவனுக்குத் தெரியவந்தால் அது நீதிமன்றத்தில் ஆயுதமாகும்.

1974இல் சஸ்காச்சுவான் மாகாணத்தில் கேஸ் என்ற குடும்பப் பெயருள்ளவர்களின் வழக்கு. கனடாவில் ஒரு தாயின் தன்பாலீர்ப்பு வெளிப்படையாக விவாதிக்கப்பட்ட முதல் பிள்ளைப் பராமரிப்பு வழக்குகளில் ஒன்று. நீதிபதி மிகக் கவனமாகத்தான் பேசினார். தன்பாலீர்ப்பு என்பதால் மட்டும் தாயைத் தகுதியற்றவர் என்று சொல்லமுடியாது என்றார். ஆனால் அந்தத் தாய் உள்ளூர்ச் சங்கம் ஒன்றில் பொறுப்பில் இருந்தார். அவருடைய வாழ்க்கைமுறை ஒழுங்கற்றது, பிள்ளைகள் அப்படிப்பட்டவர்களோடு பழக நேரும் என்று நீதிபதி அஞ்சினார். பிள்ளைகள் தந்தையிடம் போனார்கள். அடுத்த ஆண்டு அல்பேர்ட்டாவில் இன்னொரு தாய் வென்றார். அவர் அடக்கமானவர், தன் உறவை வெளியே காட்டாதவர் என்பது அவருக்குச் சாதகமாக எடுக்கப்பட்டது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தபோது எனக்கு ஊர் நினைவு வந்தது. "எதையும் செய், ஆனால் நாலு பேருக்குத் தெரியாமல் செய்" என்று எங்கள் பெரியவர்கள் சொல்வது இதைத்தானே? கனடிய நீதிபதிகளும் ஒருவகையில் எங்கள் அம்மம்மாக்கள்தான்.

1980இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த பெஸேர் வழக்கு இன்னும் சிக்கலானது. கீழ் நீதிமன்றம் முதலில் தாயிடமே பிள்ளைகளைக் கொடுத்தது. ஆனால் ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழக் கூடாது என்ற வகையில் நிபந்தனை போட்டது. அதை அவர் மீறினார். பிள்ளைகள் தந்தைக்கு மாற்றப்பட்டார்கள். தன்பாலீர்ப்பு மட்டும் பிள்ளையை மறுக்கக் காரணமாகாது என்று சொல்லிக்கொண்டே மேல் நீதிமன்றம் அந்த மாற்றத்தை உறுதிசெய்தது. பேர்தா வில்சன் என்ற நீதிபதி மட்டும் தனியாக ஒரு கருத்து எழுதினார்: பிள்ளை வளர்க்கும் திறமையைப் பொறுத்தவரை தன்பாலீர்ப்பு கூட்டவும் மாட்டாது, குறைக்கவும் மாட்டாது. இரண்டு ஆண்டுகளில் அவர் கனடிய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். அந்தத் தாய்க்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1978இல் ரொறன்ரோவில் லெஸ்பியன் தாய்மார் பாதுகாப்பு நிதி என்று ஒன்று தொடங்கியது. வீட்டுவேலைக்குச் சம்பளம் வேண்டும் என்று போராடிய பெண்ணியக் குழு ஒன்றிலிருந்து வந்தவர்கள் அதைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான பிரான்ஸி வைலண்ட், தாய்மையையும் பிள்ளைப் பராமரிப்பு வழக்குகளையும் பற்றி அதற்கு முந்தைய ஆண்டே ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அவர்களுடைய வாதம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்: பிள்ளையைப் பறிப்போம் என்ற பயம் இருக்கும்வரை எந்தப் பெண்ணும் தான் விரும்பியபடி வாழமுடியாது. ஆகவே இது ஒருசிலரின் பிரச்சினை அல்ல, பிள்ளை பெற்ற எல்லாருடைய பிரச்சினையும்.

நிதி என்றால் பெரிய பணமில்லை. சாப்பாடு சமைத்து விற்பது, நன்கொடை சேர்ப்பது. தொலைபேசி எடுக்கும் தாய்க்கு யோசனை சொல்வார்கள்: எந்தச் சட்டத்தரணியிடம் போகலாம், எவரிடம் போகக் கூடாது, கூடியவரை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப் பார். 'கிரேப்வைன்' என்று ஒரு சிறு செய்திமடல் நடத்தினார்கள். திராட்சைக்கொடி என்று பொருள். ஆங்கிலத்தில் காதோடு காதாகப் பரவும் செய்திக்கும் அதுதான் பெயர். வன்கூவரிலும் கல்கரியிலும் கிளைகள் தொடங்கின. 1987இல் ரொறன்ரோ நிதியை மூடினார்கள். அந்த ஒன்பது ஆண்டுகளில் வழக்குக்கே போகாமல், ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுத்து, வீட்டை விட்டுக்கொடுத்து, வாயை மூடிப் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்ட தாய்மாரை எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் நாங்கள் காணமுடியாது. அவர்களுக்கு வரலாறு இல்லை, பிள்ளைகள் இருந்தார்கள்.

பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்றும் ஆராயத் தொடங்கினார்கள். பிரித்தானியாவில் சூசன் கொலம்பொக் என்ற உளவியலாளர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், தன்பாலீர்ப்புள்ள தாய்மாரின் 27 குடும்பங்களையும் தனித்து வாழும் மற்றத் தாய்மாரின் 27 குடும்பங்களையும் ஒப்பிட்டார். பிள்ளைகளின் மனநலத்தில் கவலைப்படும்படியான வேறுபாடு இல்லை. இதை அளந்து நிரூபிக்க வேண்டியிருந்தது என்பதே ஒரு துன்பம். எந்த ஆண் நல்ல தகப்பன் என்று பிள்ளை பிறக்க முன் யாரும் அளப்பதில்லை.

எண்பதுகளில் காட்சி மாறுகிறது. கலியாணத்திலிருந்து பிள்ளையோடு வந்தவர்கள் மட்டுமல்ல, இரண்டு பெண்கள் சேர்ந்து திட்டமிட்டுப் பிள்ளை பெறத் தொடங்கினார்கள். பல மருத்துவ நிலையங்கள் கணவன் இல்லாதவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. அதனால் வீட்டிலேயே செய்தார்கள். தெரிந்த ஆண் ஒருவர், சுத்தமான ஒரு சிறிய போத்தல், ஊசி இல்லாத ஒரு சிறிஞ்சு, நாள் எண்ணி வைத்த ஒரு கலண்டர். தாதியாகச் சொல்கிறேன், அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பிறகு எயிட்ஸ் வந்தது. யாருடைய விந்து, பரிசோதித்ததா என்ற பயம் வந்தது. 1993இல் வன்கூவரில் ஒரு வைத்தியர் தன்பாலினத் தம்பதிக்கு இந்தச் சிகிச்சையை மறுத்தார். அது மனித உரிமை வழக்காகி, மறுத்தது பாரபட்சம் என்று தீர்ப்பானது. அடுத்த ஆண்டு ஒன்ராறியோவில் மருத்துவிச்சிகள் அரசு அங்கீகாரம் பெற்ற தொழிலினர் ஆனார்கள். அவர்களில் ஒருவரான கத்தி டங்கனும், ரேச்சல் எப்ஸ்ரீன் என்ற சமூகக் கல்வியாளரும் சேர்ந்து 1997இல் ரொறன்ரோவில், சேர்ச் வீதி 519ஆம் இலக்கச் சமூக நிலையத்தில், ஒரு வகுப்புத் தொடங்கினார்கள். பெயர் 'டைக்ஸ் பிளானிங் ரைக்ஸ்'. வசைச்சொல்லாக இருந்த ஒன்றைத் தங்கள் பெயராக எடுத்துக்கொண்ட பெண்கள் சுட்டிப்பயல்களுக்குத் திட்டமிடுகிறார்கள் என்று எதுகையோடு ஒரு பகிடி. சட்டம் தெரிய வருபவர்கள், உடல் தெரிய வருபவர்கள், சும்மா ஆசையோடு வந்து உட்கார்ந்திருப்பவர்கள்.

1994க்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அந்த ஆண்டு பொப் ரேயின் என்.டி.பி. அரசாங்கம் 167ஆம் இலக்க மசோதாவைக் கொண்டுவந்தது. தன்பாலினத் தம்பதிகளுக்கு மற்றத் தம்பதிகளுக்கு உள்ள உரிமைகள், தத்தெடுக்கும் உரிமை உட்பட. எதிர்ப்புப் பலமாக வந்தது. தேவாலயங்களில் கடிதங்கள் வாசிக்கப்பட்டன. மசோதா தோற்கும் என்று தெரிந்ததும் சட்டமா அதிபர் மரியன் போய்ட் ஒரு சமரசம் சொன்னார்: தத்தெடுப்பை நீக்கிவிடுகிறோம், மற்றதையாவது நிறைவேற்றுங்கள். அதாவது வள்ளம் தாழும்போது முதலில் கடலில் எறியப்பட்டது பிள்ளைகள்தான். அப்படி எறிந்தும் வள்ளம் மிதக்கவில்லை. ஜூன் 9 அன்று 68க்கு 59 என்று மசோதா தோற்றது. ஆளும் கட்சியிலேயே 12 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள்.

பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்கள் கத்தினார்கள். காவலர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். வெளியேற்ற முன்னர் இரப்பர் கையுறை மாட்டிக்கொண்டார்கள்.

நான் ஒரு நாளைக்கு ஐம்பது சோடி கையுறை மாட்டிக் கழற்றுபவள். இரத்தத்துக்கு மாட்டுவோம், மலத்துக்கு மாட்டுவோம். தோளைப் பிடித்து வெளியே அனுப்ப மாட்டுவதில்லை. அந்தக் காவலர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. யாரோ பெட்டியை நீட்டியிருப்பார்கள், அவர்கள் எடுத்து மாட்டியிருப்பார்கள். என் கையில் அன்றிரவு இருந்த படிவம் மாதிரி.

சட்டமன்றம் செய்யாததை அடுத்த ஆண்டு ஒரு கீழ் நீதிமன்றம் செய்தது. 1995 மே மாதம் நெவின்ஸ் என்ற மாகாண நீதிபதி முன் நான்கு பெண் தம்பதிகள் நின்றார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி பெற்ற பிள்ளைகளை மற்றவரும் சேர்ந்தே வளர்த்துக்கொண்டிருந்தார். 'துணை' என்றால் எதிர்ப்பாலினர் மட்டும் என்ற சட்ட வரையறை அரசியலமைப்பின் சமத்துவ உறுதிக்கு முரண் என்று அவர் தீர்ப்பளித்து, தத்தெடுக்க அனுமதித்தார். பெற்ற தாயின் உரிமை குறையாமல் மற்றவரும் தாயாகலாம். ஆனால் தன் சொந்தப் பிள்ளையைத் தத்தெடுக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் காசு, நீதிமன்றத்துக்குப் பத்திரம், சில மாதக் காத்திருப்பு. அந்த மாதங்களில் பெற்றவருக்கு ஏதாவது நடந்தால் மற்றவர் பிள்ளைக்கு யாருமில்லை.

அதே 1995இல் நான் எங்கே இருந்தேன்? ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த கூட்டத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாக, மழையில், தென்மராட்சிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அந்த ஆண்டிலேயே கொழும்பில் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தினார்கள். பாலியல் வன்முறைக்கு எதிராகப் பல நல்ல மாற்றங்கள் அதில் உண்டு. கூடவே 365அ பிரிவில் 'ஆண்' என்று இருந்ததை எடுத்துவிட்டு 'ஆள்' என்று போட்டார்கள். ஆங்கிலேயர் 1883இல் எழுதியபோது பெண்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. நாங்கள் திருத்தும்போது பெண்களையும் சமமாகக் குற்றவாளியாக்கினோம். 2022இல் ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழு, றொசானா பிளேமர்-கல்டேரா தொடுத்த முறைப்பாட்டில், இது உரிமை மீறல் என்று சொன்னது. இரண்டு அம்மாக்களோடு இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனால், விமானம் இறங்கியதும் ஒரு அம்மா அன்ரி ஆகிவிடுகிறார். அப்படிப் போய்வந்த ஒரு பிள்ளை ஐந்து வயதில் இரண்டு கிழமை ஒரு சொல்லும் மாறிச் சொல்லவில்லையாம். தாய் அதைப் பெருமையாகச் சொல்லத் தொடங்கி இடையில் நிறுத்திவிட்டார்.

நான் கனடா வந்து சில மாதங்களில், 2001 ஜனவரி 14 அன்று, தொலைக்காட்சியில் ஒரு கலியாணம் காட்டினார்கள். ரொறன்ரோவில் பிரென்ற் ஹோக்ஸ் என்ற போதகர் தன் தேவாலயத்தில் இரண்டு தம்பதிகளுக்கு மணம் முடித்தார், ஒன்று பெண்கள், ஒன்று ஆண்கள். எங்கள் கோயில்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது போல அங்கேயும் வாசித்தே செய்தார். ஒன்ராறியோவில் அப்படி வாசித்தால் அரசாங்க அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்ற பழைய சட்டம் அவருக்குக் கைகொடுத்தது. அங்கிக்குக் கீழே குண்டு துளைக்காத கவசம் போட்டிருந்தார். என் சித்தி தொலைக்காட்சியை நிறுத்தினார். நானும் நிறுத்தியிருப்பேன். 2003 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கலியாணங்களைச் செல்லும் என்றது.

கலியாணம் செல்லும், ஆனால் பிறப்புப் பதிவில் இரண்டாவது அம்மாவுக்கு இடமில்லை. நான் அந்தப் பெண்ணைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தியது இந்த இடைவெளியில்தான். நான்கு மாதம் கழித்து, 2006 ஜூனில், நீதிபதி ரிவார்ட், பிறப்புப் பதிவுச் சட்டத்தின் அந்தப் பகுதி சமத்துவ உரிமைக்கு எதிரானது என்றார். முன்பின் அறியாதவரின் விந்தில் பிள்ளை பெற்ற தம்பதிகளில் கணவனின் பெயர் கேள்வியில்லாமல் எழுதப்படும், மனைவியின் மனைவிக்கு மட்டும் ஏன் இல்லை? மாற்றுவதற்கு அரசாங்கத்துக்கு ஓராண்டு கொடுத்தார்.

2007 ஜனவரி 2 அன்று வந்த இன்னொரு தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒன்ராறியோவில் உள்ள இலண்டன் நகரம். 2001இல் பிறந்த ஒரு பையன். பெற்ற அம்மா, அவருடைய துணைவி, இவர்களின் நண்பரான அப்பா. மூவரும் பிள்ளையின் வாழ்க்கையில் இருக்கவேண்டும் என்று மூவருமே விரும்பினார்கள். துணைவி தத்தெடுக்கலாம், ஆனால் தத்தெடுத்தால் அப்பா சட்டத்தில் அப்பாவாக இருக்கமாட்டார். ஆகவே மூவரும் பெற்றோர் என்று அறிவிக்கக் கேட்டார்கள். கீழ் நீதிமன்றம், விருப்பம்தான், அதிகாரம் இல்லை என்றது. 1978இல் வந்த சிறுவர் சட்டச் சீர்திருத்தச் சட்டம் ஒரு தாயையும் ஒரு தந்தையையும்தான் பேசுகிறது.

அந்த 1978 சட்டம் எதற்கு வந்தது தெரியுமா? கலியாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்ற வேறுபாட்டை ஒழிக்க வந்தது. 'முறைகேடான பிள்ளை' என்ற சொல்லை ஒன்ராறியோச் சட்டத்திலிருந்து நீக்கிய சட்டம் அது. எல்லாப் பிள்ளைகளையும் சமமாக்க எழுதியவர்களுக்கு இரண்டு அம்மாக்கள் உள்ள பிள்ளை கண்ணுக்குத் தெரியவில்லை. நீதிபதி றோசன்பேர்க் எழுதிய தீர்ப்பு அதைத்தான் சொல்கிறது: இது வேண்டுமென்று செய்த விலக்கு அல்ல, காலம் மாறியதால் தெரியவந்த ஓட்டை. ஓட்டையை அடைக்க, கவனிப்பாரற்ற பிள்ளைகளுக்கு அரசே பெற்றோர் என்று நீதிமன்றங்களிடம் இருக்கும் மிகப் பழைய அதிகாரத்தை எடுத்துப் பயன்படுத்தி, துணைவியையும் தாய் என்று அறிவித்தார். அந்த அமர்வில் கூட இருந்த பிரதம நீதியரசர் றோய் மக்மேர்ற்றி, 1978 சட்டம் வந்தபோது ஒன்ராறியோவின் சட்டமா அதிபராக இருந்தவர். தான் விட்ட ஓட்டையைத் தானே அடைக்க எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அதன்பின் ஒன்பது ஆண்டுகள் சட்டமன்றம் தூங்கியது. தீர்ப்புகள் இருந்தன, சட்டம் மாறவில்லை, தம்பதிகள் தத்தெடுப்புப் பத்திரங்களோடு அலைந்தார்கள். 2015இல் செரி டினோவோ என்ற உறுப்பினர் இரண்டு சிறு பிள்ளைகளின் பெயரில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது வழிவிட, 2016 நவம்பரில் அரசாங்கமே 'எல்லாக் குடும்பங்களும் சமம்' என்ற சட்டத்தை நிறைவேற்றியது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. 1994இல் 68 பேர் எதிர்த்த அதே மண்டபம். 2017 ஜனவரி 1 முதல், பெற்றவரின் துணை தத்தெடுக்காமலே பெற்றோர். பிள்ளை கருவாக முன்னர் எழுதி ஒப்பந்தம் செய்தால் நான்கு பேர்வரை நீதிமன்றம் போகாமலே பெற்றோராகலாம்.

சட்டக் கதை இதுதான். விடுதியில் நடப்பது வேறு.

அங்கே நான் காண்பது பெரும்பாலும் சாதாரணம். பால் கட்டிக்கொள்வது, நித்திரை இல்லாதது, டயப்பரை யார் மாற்றுவது என்ற சண்டை. வித்தியாசமான மகிழ்ச்சிகளும் உண்டு. பெறாத அம்மாவும் பாலூட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. 1984இல் ரொறன்ரோ சிறுவர் மருத்துவமனையில் கனடாவின் முதல் தாய்ப்பால் சிகிச்சையகத்தைத் தொடங்கிய டொக்டர் ஜக் நியூமனும், லெனோர் கோல்ட்பார்ப் என்பவரும் அதற்கு ஒரு முறை வகுத்தார்கள். மாதக்கணக்கில் மாத்திரை, பிறகு பம்ப், பொறுமை. சிலருக்கு அரை அவுன்ஸ் வரும், சிலருக்குக் குழந்தைக்குப் போதுமான அளவு வரும். பெறாத ஒரு அம்மாவின் மார்பில் முதல் துளியைக் கண்டு நானும் அவரும் அழுத ஒரு விடியல் உண்டு. மாற்று வேலைக்கு வந்தவர் என்ன கெட்டது நடந்தது என்று பயந்துவிட்டார்.

கஷ்டங்களும் இருக்கின்றன, அவற்றை மறைக்கத் தேவையில்லை. "உண்மையான அம்மா யார்?" என்று பல் வைத்தியரிடத்திலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் கேட்பார்கள். இரு பெண்களும் பிரியும்போது, பெற்றவர் "பெற்றது நான்தானே" என்று சொன்ன வழக்குகளும் உண்டு. எந்த வாதத்தால் தங்களை ஒதுக்கினார்களோ அதையே ஒருவர் மற்றவருக்கு எதிராக எடுப்பார். அவர்களும் மனிதர்கள்தானே.

என் தேவாலயத்தில் இதைப் பேசுவதில்லை. ஆனால் ரூத்தின் புத்தகம் எங்கள் வேதாகமத்தில் இருக்கிறது. ரூத் பிள்ளை பெறுகிறாள். மாமியார் நகோமி அதை மடியில் எடுத்து வளர்க்கிறாள். அயலகத்துப் பெண்கள் வந்து, நகோமிக்குப் பிள்ளை பிறந்தது என்று சொல்லி, பெயரும் வைக்கிறார்கள். இதைக் கொண்டு நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. அந்த அயலகத்துப் பெண்களிடம் படிவம் இல்லை என்று மட்டும் கவனித்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் விடுதியில் ஒரு தமிழ்ப் பெண் பிரசவித்தார். துணைவி போர்த்துக்கேயப் பின்னணி. தமிழ்ப் பெண்ணின் தாய் ஐந்து வருடம் கதைக்காமல் இருந்தவராம். மூன்றாம் நாள் வந்தார். கையில் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியர். திறக்க முன்னமே சரக்குக் கறி வாசம் நடைபாதை முழுக்க.

"பிள்ளை, நீர் தமிழோ? இதைச் சூடாக்கலாமோ?"

"ஓம் அம்மா, தாங்கோ. மகளுக்கு நிறையக் கிடக்குதே."

"அவவுக்கு மட்டுமில்லை. மற்றவவும் மூண்டு நாளாய் ஒழுங்காய்ச் சாப்பிட்டிராள். உறைப்புக் குறைச்சுத்தான் வைச்சனான்."

மருமகள் என்று சொல்லவில்லை, மகள் என்றும் சொல்லவில்லை. மற்றவ. குழந்தையை உடனே தூக்கவும் இல்லை. இருவரும் சாப்பிட்டு முடியும்வரை கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து தூக்கினார்.

2006இல் கண்ணாடிக்கு வெளியே நின்றவரை நான் பிறகு காணவில்லை. அன்று காலை மூத்த தாதி புதிதாகப் பட்டி அச்சிட்டு அவரிடம் கொடுத்தார். நான் அறைக்குள் போகவில்லை. அந்தக் குழந்தை இப்போது வாக்களிக்கும் வயதைத் தாண்டியிருக்கும். நான் கொடுக்காத நான்காவது பட்டி வேலைச்சட்டைப் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. உடுப்புத் தோய்க்கும்போதுதான் கண்டேன். இலக்கம் கழுவுப்பட்டு அழிந்திருந்தது.

நேரத்தைத் தாண்டிவிட்டேன் என்று நினைக்கிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். சட்டக் கேள்வி என்றால் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன், பால் கட்டிக்கொண்டது என்றால் முழுதாகவே சொல்வேன்.